தெர்மோஸ்டாட் வால்வு: கழற்றி எறிவதா, மாற்றிப் போடுவதா?

கார் ஹீட் ஆகிறது என்று பட்டறையில் போய் நின்றால், நம் ஊரில் பெரும்பாலும் முதல் பழி விழுவது தெர்மோஸ்டாட் வால்வின் மேல்தான். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்? குளிர் நாட்டுக்காரன் வச்சது. கழட்டி விட்டுட்டா வண்டி கூலா ஓடும்" என்ற பேச்சை மதுரையிலும் கேட்கலாம், சேலத்திலும் கேட்கலாம். ரெண்டு போல்ட்டைக் கழற்றி, வால்வை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, வெறும் மூடியை மட்டும் திரும்ப மாட்டி அனுப்பிவிடுவார்கள். அப்போதைக்கு வண்டியும் ஹீட் ஆகாமல் ஓடும். செலவும் குறைவு. இரு தரப்புக்கும் திருப்தி.

இந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் சரி என்பதைப் பல பக்கங்களிலிருந்தும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக்கிடக்கின்றன. வால்வு கெட்டுவிட்டது என்பதை எப்படித் தீர்மானிப்பது? கெட்டிருந்தால் என்ன செய்வது? முதல் கேள்வியைச் சரியாகக் கேட்காததால்தான் இரண்டாவது கேள்விக்கு நம் ஊரில் தவறான பதில் நிலைத்துவிட்டது என்பது என் கருத்து.

இந்த வால்வின் வேலை என்ன?

இன்ஜினில் எரியும் எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியே சூடாக வெளியேறுகிறது. மீதிப் பங்கை கூலண்ட் வாங்கிக்கொண்டுபோய் ரேடியேட்டரில் கொட்ட வேண்டும். ரேடியேட்டர் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் கணக்குப் போடும்போது, மிக மோசமான நிலைமையை மனதில் வைத்துத்தான் போடுவார்கள்: சித்திரை வெயில், ஐந்து பேர், டிக்கி நிறைய மூட்டை, ஏசி ஓடுகிறது, இரண்டாம் கியரில் மலை ஏறுகிறது. அந்த நிலைமைக்குத் தாங்கும் ரேடியேட்டர், மார்கழி இரவில் கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் ஒரே ஆளோடு ஓடும் காருக்குத் தேவைக்கு மிக அதிகம். இந்த இரண்டு நிலைமைகளுக்கும் நடுவே கூலண்டின் ஓட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் இன்ஜினை ஒரே சூட்டில் வைத்திருப்பதுதான் வால்வின் வேலை.

'வெயில் ஊருக்கு வால்வு வேண்டாம்' என்ற வாதம் இங்கேயே தடுமாறுகிறது. இன்ஜின் நன்றாக ஓட வேண்டிய சூடு 90 டிகிரி செல்சியஸ் பக்கம். சென்னையில் வெளியே 40 டிகிரி கொளுத்தினாலும் இரண்டுக்கும் நடுவே 50 டிகிரி இடைவெளி இருக்கிறது. ஊட்டியின் குளிர்கால இரவில் அதே இடைவெளி 80, 85 ஆகிறது. வித்தியாசம் அளவில்தான். எந்த ஊரானாலும் இன்ஜினை அந்த 90 டிகிரிக்குக் கொண்டுபோய் அங்கேயே நிறுத்த ஒரு காவல் தேவைப்படுகிறது.

இந்தக் காவல் கார் பிறந்தபோதே கூட வந்ததல்ல. ஃபோர்டு மாடல் டி கார்களில் மிகப் பெரும்பாலானவற்றில் வாட்டர் பம்ப்கூட கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும், ஆறிய தண்ணீர் கீழே இறங்கும் என்ற இயற்கையை நம்பியே அவை ஓடின. 1914இல் வந்த காடிலாக் வி-8 காரில் தண்ணீர் ஓட்டத்தைச் சூட்டுக்கு ஏற்பக் கட்டுப்படுத்தும் அமைப்பு இருந்தது. அதற்குப் பின் நெடுநாள், எளிதில் ஆவியாகும் திரவத்தை அடைத்த மடிப்பு மடிப்பான உலோகத் துருத்திகள்தான் இந்த வேலையைச் செய்தன. ரேடியேட்டரை இறுக மூடி, உள்ளே அழுத்தத்தை ஏற்றும் முறை பரவியதும் துருத்திகள் திணறின. அழுத்தம் ஏறினால் அவை நசுங்கிக்கொண்டு, திறக்க வேண்டிய சூட்டில் திறக்காமல் நின்றன. 1934இல் செர்ஜியஸ் வெர்னெட் கண்டுபிடித்த மெழுகு வால்வு இந்தச் சிக்கலைத் தீர்த்தது. இன்று நம் கார்களில் இருப்பது அதன் வாரிசுதான்.

அதன் அமைப்பு எளிமையானது. விரல் நுனி அளவுள்ள பித்தளைக் கிண்ணத்தில், செப்புத் தூள் கலந்த மெழுகு. மெழுகுக்கு மேலே ஒரு ரப்பர் உறை, அதற்குள் ஒரு சிறு எஃகுக் கம்பி. மெழுகு உருகும்போது பருமன் கூடும். ரப்பரை நசுக்கிக் கம்பியைத் தள்ளும். வால்வுத் தட்டு ஸ்பிரிங்கின் எதிர்ப்பை மீறித் திறக்கும். ஆறினால் ஸ்பிரிங் மூடிவிடும். மின்சாரம் இல்லை, வயர் இல்லை. வால்வின் விளிம்பில் 82 என்றோ 88 என்றோ பொறித்திருப்பார்கள். அது வால்வு திறக்கத் தொடங்கும் சூடு. முழுதாகத் திறக்க அதற்கு மேலே இன்னும் பத்துப் பதினைந்து டிகிரி ஆகும். ஓடும் வண்டியில் வால்வு பெரும்பாலும் பாதி திறந்த நிலையிலேயே கொஞ்சம் கூடியும் கொஞ்சம் குறைந்தும் நின்றுகொண்டிருக்கும்.

எதிரெதிரான இரண்டு நோய்கள்

இந்த வால்வு இரண்டு விதமாகக் கெடும். கிண்ணத்தில் இருக்கும் மெழுகு கசிந்துபோனால் கம்பியைத் தள்ள ஆளில்லை; ஸ்பிரிங் வால்வை மூடியபடியே பிடித்துக்கொள்ளும். ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாது, சில நிமிடங்களில் இன்ஜின் கொதிக்கும். எல்லாருக்கும் தெரிந்த நோய் இது. இரண்டாவது விதத்தில், ஸ்பிரிங் தளர்ந்தோ, தட்டுக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே துருவோ உப்புக் காரையோ சிக்கியோ, வால்வு திறந்தபடியே நின்றுவிடும். அப்போது இன்ஜின் தன் சூட்டுக்கு ஏறவே ஏறாது. வண்டி நிற்காது, புகையாது. ஓட்டுபவர் ஒன்றையும் கவனிக்க மாட்டார்.

முதல் நோய் கூச்சல் போட்டுக்கொண்டு வருகிறது. இரண்டாவது ஓசையில்லாமல் வந்து ஆண்டுக்கணக்கில் இருந்து அரிக்கிறது. வால்வைக் கழற்றி எறிவது என்றால், முதல் நோயைத் தீர்க்க இரண்டாவது நோயை நாமே வண்டிக்குள் குடியேற்றுகிறோம் என்று பொருள்.

மெக்கானிக்குகளின் வாதத்தில் நியாயம் இருக்கிறதா?

இருக்கிறது. அதைச் சொல்லாமல் போவது நேர்மையல்ல. அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய காலத்தில் ரேடியேட்டரில் ஊற்றியது ஊர்க் குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், பிறகு போர் தண்ணீர். அந்தத் தண்ணீரின் உப்பு உள்ளே படிந்து வால்வை இறுக்கிப் பிடிக்கும். நடு வழியில் கொதித்து நின்ற டாக்ஸிக்காரரின் அன்றைய பிழைப்பு அதோடு போச்சு. ஒரிஜினல் பாகம் சிற்றூர்களில் கிடைக்காது; கிடைத்த போலிப் பாகம் மூன்றே மாதத்தில் மூடிக்கொள்ளும். கார்புரேட்டர் இன்ஜினுக்கு, அது குளிர்ந்திருக்கிறதா சூடாக இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கும் கம்ப்யூட்டரும் இல்லை. அந்தச் சூழலில் வால்வைக் கழற்றிய மெக்கானிக், தன் வாடிக்கையாளரை நடுத்தெருவில் நிற்கவிடாமல் காப்பாற்றினார். அனுபவத்தில் பிறந்த முடிவு அது.

ஆனால் அந்தக் காலத்திலேயே விவரம் அறிந்தவர்கள் வால்வை வெறுமனே எடுத்துவிடவில்லை. பிரிட்டிஷ் மினி காரின் ஏ-சீரிஸ் இன்ஜினில் பந்தயத்துக்காக வால்வை எடுத்தவர்கள், அதன் இடத்தில் ஒரு வெற்று உலோக வளையத்தைச் செருகினார்கள். வால்வு போன இடத்தை அப்படியே விட்டால் கூலண்டின் ஓட்டம் தடம் மாறிவிடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தடம் மாறுவது எப்படி என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இந்த விவாதத்தின் மையமே அதுதான். இன்ஜினைவிட்டு வரும் சூடான கூலண்டுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ரேடியேட்டர் வழி. மற்றது ரேடியேட்டரைத் தொடாமல் பம்ப்புக்கே திரும்பும் பைபாஸ். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பைபாஸில் மட்டும் கூலண்ட் சுற்றி எல்லாப் பாகங்களையும் சமமாகச் சூடாக்கும். இன்றைய பல கார்களில் வால்வுக்கு இரண்டு தட்டுகள். மேல் தட்டு ரேடியேட்டர் வழியைத் திறக்கத் திறக்க, கீழே இருக்கும் சிறு தட்டு பைபாஸை மூடிக்கொண்டு வரும். முழுச் சூட்டில் கூலண்ட் முழுக்க ரேடியேட்டருக்கே போகும். வால்வை எடுத்துவிட்டால் இரண்டு வழிகளும் எப்போதும் திறந்தே கிடக்கும். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களைவிட பைபாஸ் வழி எளிது என்பதால் கொதிக்கும் கூலண்டில் ஒரு பகுதி ஆறாமலேயே இன்ஜினுக்குள் திரும்பிவிடும்.

சமவெளியில் இது தெரியாது. ஏற்காடு மலையில் ஏசி போட்டுக்கொண்டு ஏறும்போது தெரியும். கூலாக ஓட வேண்டும் என்று வால்வைக் கழற்றிய அதே வண்டி, முழுத் திறனும் தேவைப்படும் நேரத்தில் ஹீட் ஆகும். அப்போது பழி ரேடியேட்டர் மேலோ ஹெட் கேஸ்கெட் மேலோ விழும்.

வால்வு வேண்டும் என்பவர்கள் சொல்லும் ஒரு காரணமும் தவறு. வால்வு இல்லாவிட்டால் கூலண்ட் மிக வேகமாக ஓடி, ரேடியேட்டரில் வெப்பத்தை விட நேரமில்லாமல் திரும்பிவிடும் என்பார்கள். வேகம் கூடினால் வெப்பம் கைமாறுவது குறையாது. சுற்றிச் சுற்றி வருவதும் அதே கூலண்ட்தான். உண்மைக் காரணம் பைபாஸ். அதோடு இன்னொன்றும் உண்டு: பல இன்ஜின்களில் வால்வு தரும் தடையால் சிலிண்டர் ஹெட்டின் உட்பக்கம் அழுத்தம் சற்றுக் கூடுதலாக நிற்கும். எக்ஸாஸ்ட் வால்வுகளைச் சுற்றியுள்ள கொதிப்பான இடங்களில் ஆவிக்குமிழி கிளம்பாமல் அது தடுக்கிறது.

குளிர்ந்தே ஓடும் இன்ஜின்

'கூலாக ஓடினால் நல்லதுதானே' என்ற எண்ணம்தான் எல்லாவற்றுக்கும் வேர். இன்ஜினைப் பொறுத்தவரை அது உண்மையல்ல. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. அதில் சிறிதளவு பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயில் சேம்பருக்குள் இறங்கும். இன்ஜின் நன்றாகச் சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறிவிடும். 60, 65 டிகிரியிலேயே ஓடிக்கொண்டிருந்தால் அது ஆயிலோடு கலந்து, எரியாத பெட்ரோலும் சேர்ந்து, ஆயிலை நீர்க்கவைத்துச் சேறாக்கும். சிலிண்டர் சுவர் குளிர்ந்திருந்தால் எரிந்த வாயுவில் உள்ள ஈரம் அதன்மேல் படிந்து அமிலமாகி அரிக்கும். சிலிண்டர் தேய்வது உராய்வால் மட்டுமல்ல, இந்த அரிப்பாலும்தான் என்பதை 1930களில் பிரிட்டனில் நடந்த ஆய்வுகளே எடுத்துக்காட்டிவிட்டன.

இதோடு தொடர்புடைய ஒரு தவறான நோயறிதலையும் சொல்ல வேண்டும். ஆயில் ஊற்றும் மூடியைத் திருப்பிப் பார்த்தால் அடியில் மோர் கடைந்ததுபோல் வெளிர் நுரை ஒட்டியிருக்கும். உடனே 'ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு, தண்ணியும் ஆயிலும் கலக்குது' என்று ஹெட்டைக் கழற்றச் சொல்பவர்கள் உண்டு. டிப் ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்து, கூலண்டும் குறையாமல் இருந்தால், அது வெறும் ஈரம். வால்வு திறந்தபடி நின்றதாலோ, தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓட்டுவதாலோ வந்திருக்கலாம். சில நூறு ரூபாய் வால்வோடு முடிய வேண்டியது, பல ஆயிரம் ரூபாய் ஹெட் வேலையாகிவிடும்.

பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் கார்களில் கம்ப்யூட்டர், கூலண்ட் சென்சார் சொல்வதை வைத்துத்தான் பெட்ரோலை அளக்கிறது. இன்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது என்று சென்சார் சொல்லிக்கொண்டே இருந்தால் அதற்கேற்பக் கூடுதலாகவே பெட்ரோலைத் தரும். மைலேஜ் இறங்கும், பிளக்கில் கரி பிடிக்கும். பிஎஸ்-6 டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் கடுமை. புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் வடிகட்டி, சேர்ந்த கரியை அவ்வப்போது தானே எரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். கூலண்ட் குறிப்பிட்ட சூட்டுக்கு வராவிட்டால் கம்ப்யூட்டர் அந்த வேலையைத் தொடங்கவே விடாது. டிபிஎஃப் அடைத்துக்கொண்டது என்று அல்லாடுபவர்கள் வால்வையும் ஒரு முறை பார்க்க வேண்டும்.

நோயைக் கண்டறிவது

கண்டறியும் வேலை காலையில், இன்ஜின் முழுதாக ஆறியிருக்கும்போது தொடங்க வேண்டும். முதலில் கூலண்ட் அளவு. குறைந்திருந்தால் ஏன் குறைந்தது என்பதுதான் முதல் கேள்வி, வால்வு பிறகு. கூலண்ட் குறைந்து உள்ளே காற்று அடைத்திருந்தால், நல்ல வால்வும் கெட்டதுபோலவே நடந்துகொள்ளும். மெழுகுக் கிண்ணம் காற்றுக் குமிழிக்குள் மாட்டினால் அதற்குச் சூடு எட்டாது.

எப்போது ஹீட் ஆகிறது என்ற கேள்விக்கு ஓட்டுநர் சொல்லும் பதிலே பாதி நோயைச் சொல்லிவிடும். சிக்னலில், நெரிசலில் நிற்கும்போது ஏறி, வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ரேடியேட்டர் ஃபேனையும் அதன் ரிலேயையும் பார்க்க வேண்டும். வேகமாக ஓடும்போதும் மேடு ஏறும்போதும் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, பம்ப்பின் இறக்கை அரிப்பு, அல்லது பாதி மட்டுமே திறக்கும் வால்வு. வண்டி எடுத்து ஐந்து, பத்து நிமிடத்துக்குள்ளேயே முள் சிவப்புக்குப் போய், ரேடியேட்டர் மட்டும் ஆறிக்கிடந்தால் வால்வு மூடிக்கொண்டது என்பதற்கு அதுவே வலுவான சாட்சி. ஸ்டார்ட் செய்ததுமே ஹோஸ் கல்போல இறுகி, ரிசர்வ் டேங்கில் விடாமல் குமிழி வந்தால் அது ஹெட் கேஸ்கெட். வால்வை மாற்றிப் பயனில்லை. ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் மறக்கக் கூடாது. 0.9 பார் அழுத்தம் தாங்கும் மூடி நன்றாக இருந்தால் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். ரப்பர் வெடித்திருந்தால் 100 டிகிரியிலேயே பொங்கி வழியும்.

மேல் ஹோஸைத் தொட்டுப் பார்க்கும் சோதனை எல்லாப் பட்டறைகளிலும் உண்டு. இன்ஜின் சூடேறும் வரை ஹோஸ் ஆறியிருந்து, பிறகு திடீரென்று சூடானால் வால்வு திறந்தது என்று அர்த்தம். ஸ்டார்ட் செய்ததிலிருந்தே இன்ஜினோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறினால் வால்வு திறந்தே இருக்கிறது. நல்ல சோதனைதான். ஆனால் வால்வு மேல் ஹோஸ் பக்கம் இருக்கும் இன்ஜினுக்கே இது பொருந்தும். டொயோட்டா, ஹோண்டா போன்றவற்றின் பல இன்ஜின்களில் வால்வு, கூலண்ட் திரும்பி வரும் கீழ் ஹோஸ் பக்கம் இருக்கிறது. அவற்றில் கீழ் ஹோஸைத்தான் பார்க்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் நல்ல வால்வுகளைக் கெட்டவை என்று கழற்றியவர்கள் பலர். ஃபேன் எந்த நொடியிலும் சுழலத் தொடங்கலாம் என்பதால் கையைவிட, தொடாமல் சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் துப்பாக்கியே பாதுகாப்பு.

டேஷ்போர்டு முள்ளை இன்று முழுதாக நம்ப முடியாது. பல கார்களில் ஓட்டுநர் பதறக் கூடாது என்று, 75இலிருந்து 105 டிகிரி வரைக்கும் நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி முள்ளை அமைத்திருக்கிறார்கள். சிறிய கார்கள் பலவற்றில் முள்ளே இல்லை. குளிருக்கு நீல விளக்கு, சூட்டுக்குச் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். நம் ஊர்க் காலையில் நீல விளக்கு சில நிமிடங்களில் அணைந்துவிட வேண்டும். நெடுநேரம் எரிந்தாலோ, நெடுஞ்சாலையில் ஓடும்போது திரும்பவும் எட்டிப் பார்த்தாலோ வால்வு திறந்து நிற்கிறது.

இதைவிடத் துல்லியமானது, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி துளையில் செருகும் சிறு ப்ளூடூத் ஸ்கேனர். செல்போன் திரையிலேயே கூலண்டின் சூடு எண்ணாகத் தெரியும். நல்ல வால்வுள்ள கார் சீராக ஏறி, 85, 90 பக்கம் வந்ததும் வால்வு திறந்து ஆறிய கூலண்ட் உள்ளே வரும்போது சில டிகிரி இறங்கி, பிறகு அங்கேயே நிலைக்கும். நெரிசலில் 85 காட்டி, நூறு கிலோமீட்டர் வேகத்தில் 65க்கு இறங்கினால் வால்வு திறந்தே இருக்கிறது, அல்லது இல்லவே இல்லை. கம்ப்யூட்டரே இதைக் கண்டுபிடித்து செக் இன்ஜின் விளக்கைப் போட்டால் பி-0128 என்ற கோடு வரும். கூலண்டின் சூடு வால்வு கட்டுப்படுத்த வேண்டிய அளவுக்கு வரவில்லை என்பது அதன் பொருள். சென்சார் கெட்டிருந்தாலும் இதே கோடு வரலாம். இரவு முழுக்க நின்ற காரில் கூலண்ட் சூடும் உள்ளிழுக்கும் காற்றின் சூடும் ஒன்றுபோல் காட்டினால் சென்சார் பொய் சொல்லவில்லை என்று ஓரளவு நம்பலாம்.

கடைசிச் சோதனை, கழற்றிய வால்வை அடுப்பில் வைத்துப் பார்ப்பது. ஒரு நூலை வால்வுத் தட்டுக்கும் இருக்கைக்கும் நடுவே செருகி, அந்த நூலாலேயே வால்வைத் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும். பாத்திரத்தின் அடியையோ பக்கத்தையோ அது தொடக் கூடாது. பக்கத்திலேயே ஒரு வெப்பமானியும் அடியைத் தொடாமல் தொங்க வேண்டும். தண்ணீரை மெல்லச் சூடாக்கிக் கலக்கிக்கொண்டே இருந்தால், 70இல் ஒன்றும் நடக்காது. 80ஐத் தாண்டியதும் கிண்ணத்தைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழிகள் ஒட்டும். பொறித்த எண் 82 என்றால், அதற்கு ஓரிரு டிகிரி முன்னே பின்னே நூலின் பிடி தளர்ந்து வால்வு 'டொக்' என்று அடியில் விழும். திறக்கத் தொடங்கிய சூடு அதுதான். இன்னும் சூடாக்கினால் 95 பக்கம் தட்டு முழுதாக விலகி நிற்கும். பொதுவாக 8 மில்லிமீட்டராவது விலக வேண்டும். வெளியே எடுத்து ஆறவிட்டால், வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கும்போது இடுக்கு தெரியாமல் மூட வேண்டும். போர் தண்ணீரில் ஓடிய வண்டியின் வால்வை எடுத்துப் பார்த்தால் ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே வெள்ளைக் காரையும் செம்பழுப்புத் துருவும் சுண்ணாம்புபோல் அப்பியிருக்கும். அதை வைத்துப் பார்க்கும்போது குற்றவாளி வால்வா, நாம் ஊற்றிய தண்ணீரா என்ற கேள்வி தானே எழும்.

மாற்றிப் போடுவது

வேலை பெரிதல்ல, ஒழுங்குதான் முக்கியம். சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகமும் கையும் வெந்தவர்களைப் பட்டறைகளில் இன்றும் பார்க்கலாம். முழுதாக ஆறிய பிறகே தொட வேண்டும். ரேடியேட்டரின் அடி மூலையில் உள்ள திருகைத் தளர்த்தி, வால்வு இருக்கும் மட்டத்துக்குக் கீழே போகும் வரை கூலண்டை ஒரு தட்டில் பிடித்துக்கொள்ள வேண்டும். அதைத் தெருவில் ஊற்றக் கூடாது. எத்திலீன் கிளைகோல் இனிக்கும். நாயும் பூனையும் நக்கினால் சிறுநீரகம் கெட்டுச் சாகும்.

ஹோஸைப் பிடுங்காமல் திருகித் தளர்த்தி எடுத்து, மூடியின் போல்ட்டுகளைக் கழற்றினால் வால்வு கைக்கு வரும். எடுக்கும் முன் அது எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. மெழுகுக் கிண்ணமும் ஸ்பிரிங்கும் இன்ஜின் பக்கம்தான் இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் புது வால்வும் திறக்காது. தட்டில் ஒரு சிறு துளையும் அதில் ஆடும் ஓர் ஊசியும் இருந்தால் அது மேல்புறம் வர வேண்டும். காற்று வெளியேறுவது அதன் வழியாகத்தான். பழைய கேஸ்கெட்டின் ஒட்டலை அலுமினியம் கீறாமல் சுரண்டி எடுத்து, கேஸ்கெட்டோ ஓ-ரிங்கோ கட்டாயம் புதிதாகப் போட வேண்டும். சிலிக்கான் பசையை அள்ளிப் பூசுவது கெட்ட பழக்கம். பிதுங்கிய துணுக்குகள் போய் ரேடியேட்டர் குழாயை அடைக்கும். இங்கே இருப்பவை பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் ஸ்பேனர் பிடிக்கும் சிறு போல்ட்டுகள். 10 நியூட்டன் மீட்டர் அளவுக்கு, மாற்றி மாற்றி, சமமாக இறுக்கினால் போதும். பலத்தைக் காட்டினால் மூடி வளையும், அல்லது போல்ட் உள்ளேயே முறியும். புதிய கார்கள் பலவற்றில் வால்வும் பிளாஸ்டிக் கூடும் ஒரே பாகமாக வருகின்றன. அவற்றில் வால்வை மட்டும் தனியாக மாற்ற வழியில்லை, விலையும் கூடுதல்.

புது வால்வு வாங்கும்போது பொறித்த எண் பழையதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். 'ஹீட் ஆகிற வண்டிக்கு' என்று குறைந்த சூட்டில் திறக்கும் வால்வைப் போடுவது பயன் தராது. ரேடியேட்டரின் திறனை அது கூட்டாது. அடைத்த ரேடியேட்டர் கொஞ்சம் தாமதமாகக் கொதிக்கும், அவ்வளவே. இப்போதைய விலை உயர்ந்த கார்கள் சிலவற்றில் மெழுகுக்குள்ளேயே மின் கம்பியைப் பதித்து, சுமை குறைந்தபோது 100ஐத் தாண்டவும், சுமை கூடியபோது முன்கூட்டியே திறக்கவும் கம்ப்யூட்டரே முடிவுசெய்கிறது. இன்ஜினியர்கள் இன்ஜினைச் சூடாக வைக்கவே மெனக்கெடுகிறார்கள் என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

பாதி வேலை கெடுவது கூலண்ட் ஊற்றும்போதுதான். மெல்ல ஊற்ற வேண்டும். காற்று நீக்கும் திருகு இருந்தால் அதில் குமிழி இல்லாமல் கூலண்ட் வரும் வரை திறந்து வைக்க வேண்டும். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கும் வரை இன்ஜினை ஓடவிட்டு, முழுதாக ஆறிய பின் அளவைப் பார்த்து நிரப்ப வேண்டும். மறுநாள் காலையும் ஒரு தடவை பார்க்க வேண்டும். கெட்டிக் கூலண்ட் என்றால் டிஸ்டில்டு வாட்டரைச் சரிபாதி கலக்க வேண்டும்; கலந்தே வரும் வகையில் மறுபடி தண்ணீர் சேர்க்கக் கூடாது. தண்ணீர் உறையாத ஊருக்குக் கூலண்ட் எதற்கு என்பவர்களுக்கு: துருவையும் காரையையும் தடுக்கும் மருந்துகள் அதில்தான் இருக்கின்றன. வால்வின் ஆயுள் அதைப் பொறுத்தது.

ஒரே ஒரு நிலைமையில் வால்வைக் கழற்றுவதை நான் ஏற்பேன். இரவில், பாகம் கிடைக்காத ஊரில், வால்வு மூடிக்கொண்டு வண்டி நின்றுவிட்டது என்றால், கழற்றிவிட்டு மெதுவாக ஓட்டி ஊர் வந்து சேரலாம். வந்த வாரத்திலேயே புது வால்வு போட வேண்டும். தற்காலிகமாகச் செய்தது நிரந்தரமாகிவிடுவதுதான் நம் பட்டறைகளின் சிக்கல். கழற்றிய மெக்கானிக் அதை மறந்துவிடுவார். காரை வாங்கும் அடுத்தவருக்கு அது தெரியவே தெரியாது.

ஆகவே பழைய கார் வாங்குபவர்கள் டயரையும் பெயின்ட்டையும் பார்க்கும்போது ஸ்கேனரைச் செருகி, நெடுஞ்சாலையில் ஒரு இருபது நிமிடம் ஓட்டி, கூலண்டின் சூட்டையும் பாருங்கள். 80க்குக் கீழேயே நின்றால், 'வால்வு உள்ளே இருக்கிறதா?' என்று விற்பவரிடம் நேராகக் கேளுங்கள். இல்லை என்றால், பதிவு மாற்றும் வேலைக்கு முன்பே கம்பெனி சொன்ன எண்ணுள்ள வால்வை வாங்கிப் போட்டுவிடுங்கள். உங்கள் மெக்கானிக் வேண்டாம் என்று தடுத்தாலும் போடுங்கள்.